கீரிமலையில் மலை இல்லை

பஸ்ஸின் நெற்றிப் பலகையில் ‘கீரிமலை’ என்று எழுதியிருந்தது. அதை வாசித்த நொடியில் எனக்கு வந்த சந்தோஷத்தை இன்று நினைத்தாலும் கொஞ்சம் வெட்கமாகவும் கொஞ்சம் சிரிப்பாகவும் இருக்கிறது.

நான் யாழ்ப்பாணம் வந்து சேர்ந்து சில வாரங்களே ஆகியிருந்த நேரம் அது. சித்திரை வெயில். நானும் சின்னம்மாவும் நகரத்துப் பஸ் நிலையத்தில் அரியாலைக்குப் போகக் காத்து நின்றோம். சின்னம்மாவின் பைக்கு வெளியே முருங்கைக்காய்கள் நீட்டிக்கொண்டு நின்றன. மீன் கெட்டுவிடும் என்ற கவலையில் அவர் பஸ் வரும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தார். நான் வேறு பஸ்ஸைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அந்தச் சில வாரங்களில் நான் யாரிடமும் சொல்லாமல் ஒரு காரியம் செய்துகொண்டிருந்தேன். போகும் இடமெல்லாம் மலையைத் தேடினேன். யார் வீட்டு மேல்மாடியில் ஏறினாலும் தேடுவேன். சைக்கிளில் போகும்போது பனைகளுக்கு நடுவே தேடுவேன். தரை எல்லாப் பக்கமும் தட்டையாக ஓடி வானத்தில் போய் முட்டியது. திறந்த வெளியில் ஒரு மனுஷிக்கு மூச்சு முட்டும் என்று அதுவரை எனக்குத் தெரியாது.

“சின்னம்மா, கீரிமலைக்கு நாம போகலாமா?” என்று கேட்டேன்.

அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வந்த நாளிலிருந்து நான் ஆசைப்பட்டுக் கேட்ட முதல் விஷயம் அதுதான். வருகிற ஞாயிற்றுக்கிழமை போவோம், தானும் அங்கே குளித்து நெடுநாளாகிவிட்டது என்றார். எதற்காகப் போக வேண்டும் என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை. அதனால் ஒரு வாரம் முழுக்க மலையை மனதில் வைத்துக்கொண்டு சந்தோஷமாக இருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பஸ் வடக்கே போகப் போக மண் சிவப்பானது. வாழைத் தோட்டங்கள் வந்தன. வெங்காயப் பாத்திகள் வந்தன. கூரை போன வீடுகளும் புதிதாகச் சாயம் பூசிய வீடுகளும் மாறி மாறி வந்தன. நான் ஜன்னலோரம் உட்கார்ந்து கழுத்தை வளைத்து வளைத்துப் பார்த்தேன். கடைசியில் பஸ் ஓரிடத்தில் நின்றது. முன்னால் கடல்.

எல்லோரும் இறங்கினார்கள். நான் இறங்காமல், மலை எங்கே இருக்கிறது என்று நடத்துநரிடம் கேட்டேன். அவர் நல்ல மனிதர். இதுதான் தங்கச்சி கீரிமலை என்றார். அது சரி, மலை எங்கே என்றேன். அவர் ஜன்னல் வழியே கடலைப் பார்த்தார். சின்னம்மாவைப் பார்த்தார்.

சின்னம்மா பஸ் படியிலேயே உட்கார்ந்து சிரித்தார். கண்ணில் நீர் வரச் சிரித்தார். “மலையைப் பாக்கவோ பிள்ளை என்னை இவ்வளவு தூரம் இழுத்துக்கொண்டு வந்தனீ? உது பேர் மட்டும்தான்.”

ஒரு முனிவருக்குக் கீரி முகம் இருந்ததாகவும் இங்கே நீராடி அது நீங்கியதாகவும் அவர் கதை சொன்னார். கீரி வந்த வழி விளங்கியது. மலை வந்த வழி அவருக்கும் தெரியவில்லை.

பெண்களின் கேணியில் குளித்தோம். சுற்றிவரச் சுவர். கடல் அந்தப் பக்கம் அலை அடிப்பது கேட்டது, பார்க்க முடியவில்லை. தண்ணீர் இனிப்பாக, குளிராக இருந்தது. நான் முகத்தைத் தண்ணீருக்குள் வைத்துக் கொஞ்ச நேரம் அழுதேன். குளிக்கும் இடத்தில் அழுவதில் ஒரு வசதி, யாருக்கும் தெரியாது. ஆனால் சின்னம்மாவுக்குத் தெரிந்துவிட்டது போல. திரும்பி வரும்போது அவர் சிரிக்கவில்லை. கடையில் எனக்கு ஒரு பனங்கட்டி வாங்கித் தந்தார்.

கரட்டடிப் பிள்ளைகள்

என் மலையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தமிழ்நாட்டில் நாங்கள் இருந்த அகதி முகாமுக்குப் பின்னால் அது இருந்தது. அந்த ஊர்க்காரர்கள் அதை மலை என்று சொல்ல மாட்டார்கள். கரடு என்பார்கள். பாறையும் முள்ளும் தவிர வேறொன்றும் இல்லாத ஒரு குன்று. முகாம் பிள்ளைகளுக்கு ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பெயரே ‘கரட்டடிப் பிள்ளைகள்’தான்.

நான் அங்கேதான் பிறந்தேன். அப்பாவும் அம்மாவும் போருக்குத் தப்பி, கைக்குழந்தையாக இருந்த அண்ணனோடு படகில் போய் இறங்கிச் சில மாதங்களில் பிறந்தேன். என் முதல் நினைவே அந்தக் கரட்டின் மேல் வெள்ளைப் புள்ளிகளாக ஆடுகள் ஏறுவதுதான். பாத்ரூம் வரிசையில் நிற்கும்போது அதைப் பார்த்துக்கொண்டு நிற்போம். அதன் தலையில் மேகம் உட்கார்ந்தால் துணிகளை உள்ளே எடுப்போம். அப்பா இறந்த அன்று வீட்டுக்குள் இருக்க முடியாமல் வெளியே வந்து அதைப் பார்த்தபடி நின்றேன். வேறு எங்கே பார்ப்பது என்று தெரியவில்லை.

அம்மாவுக்கு அது பொருட்டே இல்லை. “உது எங்கடையில்லை” என்பார். அம்மாவின் ஊர் அரியாலை. அவர் வாயைத் திறந்தால் அரியாலைதான் வரும். அத்தனை வருஷம் அந்த நாட்டில் இருந்தும் அவர் ‘ஓம்’ என்பதை ‘ஆமா’ என்று மாற்றவில்லை. நான் வீட்டுக்குள் ஓம் என்று சொல்லிவிட்டு வாசலைத் தாண்டினால் ஆமா என்று சொல்லும் பிள்ளையாக வளர்ந்தேன்.

ஊருக்குத் திரும்புவது என்று வீட்டில் முடிவானபோது, முதலில் நான் போவது என்று ஏற்பாடு. நான் படித்திருந்தேன், கல்யாணம் ஆகியிருக்கவில்லை, அங்கே படிப்புக்கு ஏற்ற வேலை கிடைக்கும் வழியும் இல்லை. நான் போய் ஒரு வேலை தேடிக்கொண்டு, சின்னம்மா காத்துவந்த வீட்டில் அம்மாவுக்கு ஓர் அறையைச் சரிசெய்வேன். பிறகு அம்மா வருவார். அண்ணன் குடும்பம் அங்கேயே இருக்கும். முகாமை விட்டு எழுதிக்கொடுத்துவிட்டு வந்தவர் திரும்பப் போய் முகாமில் பதிய முடியாது. விசா எடுத்து விருந்தாளியாகப் போகலாம். அது தெரிந்தேதான் கையெழுத்துப் போட்டேன். அம்மாதான் பின்னால் வருகிறாரே.

விமானத்தில் வந்து இறங்கிய கதை நீளமானது. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: பார்த்தவர்கள் எல்லோரும் என்னைத் ‘திரும்பி வந்த பிள்ளை’ என்றார்கள். அன்பாகத்தான் சொன்னார்கள். ஆனால் நான் திரும்பவில்லை. முதல் தடவையாக வந்திருந்தேன். எனக்கு இது வெளிநாடு.

இல்லை, இல்லை, இல்லை

வேலை கிடைத்தது. நகரத்தில் ஒரு பாமசியில், அதாவது மருந்துக் கடையில், கணினியில் பில் போடும் வேலை. சைக்கிளில் போய் வந்தேன். சாயங்காலம் வீடு வந்ததும் அம்மா தொலைபேசியில் அழைப்பார். வீட்டில் சிக்னல் சரியாகக் கிடைக்கும் இடம் குசினி வாசல். ஆகவே என்னுடைய எல்லாப் பேச்சும் சின்னம்மாவின் சமையல் சத்தத்தோடுதான் நடந்தது.

அம்மாவின் கேள்விகள் எல்லாம் ஒரே மாதிரி இருக்கும். ஒழுங்கை முடக்கில், சந்து திரும்பும் இடத்தில், நின்ற இலுப்பை மரம் நிற்கிறதா? இல்லை. வீட்டுக்குப் பின்னால் இருந்த மாமரம்? இல்லை. இரண்டு பனைகள் ஒன்றோடொன்று சாய்ந்து நிற்குமே, அது? தேடிப் பார்த்தேன், இல்லை. ஒவ்வோர் இல்லைக்கும் அந்தப் பக்கத்தில் ஒரு மௌனம். அந்த மௌனம் நாளுக்கு நாள் நீண்டது.

ஒருநாள் அம்மா, “அப்ப அங்கை என்னதான் இருக்கு?” என்று கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. களைத்துப்போய்க் கேட்டார். இப்படியே போனால் அம்மா வருவதற்கு இங்கே ஒன்றும் மிஞ்சாது என்று பயந்தேன். நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

அடுத்த நாள் காலை கொஞ்சம் முந்திக் கிளம்பினேன். இருக்கிற ஏதாவது ஒன்றை அம்மாவிடம் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் நோக்கம். ரயில் கடவைக்கு இந்தப் பக்கம் தலை போன பனை ஒன்று நின்றது. அதைத் தினமும் தாண்டிப் போயிருக்கிறேன். தலை போன பனைகள் இந்த மண்ணில் எத்தனையோ. பார்த்தால் மனம் கனக்கும் என்று நான் பார்ப்பதில்லை. அன்று நிறுத்திப் பார்த்தேன். அதன் நெஞ்சில் ஒரு பொந்து. பொந்திலிருந்து ஒரு கிளி தலையை நீட்டியது. அது பறந்த பிறகு இன்னொன்று நீட்டியது. செத்த மரத்துக்குள் ஒரு குடும்பமே நடந்துகொண்டிருந்தது.

அன்று சாயங்காலம் அம்மா அழைத்ததும், “கிளி இருக்கும்மா” என்றேன்.

“எங்கை?” என்று அவர் கேட்டார். குரலில் உயிர் வந்திருந்தது.

பார்த்ததைச் சொல்லும் வேலை

அதன் பிறகு அதுவே எனக்கு வேலையாகிவிட்டது. பாமசியில் செய்தது இரண்டாவது வேலை.

வேலை முடிந்ததும் நேரே வீட்டுக்கு வராமல் கிழக்கே, கடற்கரைப் பக்கம் சுற்றி வரத் தொடங்கினேன். முதல் நாள் நான் அதை அம்மாவிடம் ஏரி என்று சொல்லிவிட்டேன். அலை இல்லை, மணல் இல்லை, சேற்றுக் கரை. எனக்கு ஏரியாகத்தான் தெரிந்தது. அம்மா சிரித்தார். அது கடல்தான், உள்ளே வந்து படுத்திருக்கிற கடல் என்றார்.

வெயில் காலத்தில் அந்தக் கடல் பின்வாங்கிவிடும். விட்டுப்போன தரை வெடித்து, உப்புப் பூத்து, கண் கூசும். அதன் குறுக்கே நாய் ஒன்று ஏதோ முக்கியமான அலுவல் இருப்பதுபோல் நேர்கோட்டில் நடந்து போகும். ஆழமில்லாத தண்ணீரில் கம்புகளை வரிசையாக நட்டு வலை கட்டியிருப்பார்கள். ஒவ்வொரு கம்பிலும் ஒரு நீர்க்காகம் இறக்கையை விரித்துக் காயவைத்துக்கொண்டு நிற்கும். துணி காயப்போட்ட கொடி மாதிரி இருக்கும். இறால் பிடிப்பவர்கள் வெகுதூரம் நடந்து போவார்கள். கரையிலிருந்து பார்த்தால் கடலின் நடுவில் ஆட்கள் நின்று கதைத்துக்கொண்டிருப்பது போலிருக்கும். தண்ணீர் அவர்கள் இடுப்புக்கு மேல் ஏறாது. முதன்முதலில் பார்த்தபோது நான் பதறிப்போனேன்.

இதையெல்லாம் ஒன்று விடாமல் அம்மாவுக்குச் சொன்னேன். சொல்வதற்காகப் பார்த்தேன். பார்த்ததைச் சொல்ல வார்த்தை போதாமல் இன்னும் கிட்டப் போய்ப் பார்த்தேன். தென்மேற்கிலிருந்து அடிக்கிற காற்றுக்குச் சோளகம் என்று பெயர் என்பதைப் பாமசிக்கு மருந்து வாங்க வந்த ஒருவர் சொன்னார். அது அடிக்கும் மாதங்களில் பனைகள் இரவும் பகலும் உரசிக்கொண்டே இருக்கும். முதலில் அந்தச் சத்தத்தில் எனக்குத் தூக்கம் வரவில்லை. பிறகு அது நின்ற நாளில் விழித்துக்கொண்டேன்.

இடையில் ஒரு சின்னக் கதை. ஒருநாள் பாமசிக்குத் தாமதமாகப் போனேன். என்ன காரணம் என்று முதலாளி கேட்டார். நேற்று அம்மா ரொம்ப நேரம் பேசினாங்க என்றேன். அவர் முகம் இரங்கிவிட்டது. தாய்மார் பேசுவதைப் பெரிதாக எடுக்கக் கூடாது, அவர்களுக்கும் மனக்கஷ்டம் இருக்கும் என்று ஆறுதல் சொன்னார். இரண்டு நாள் கழித்துத்தான் எனக்குப் புரிந்தது. இங்கே பேசுவது என்றால் ஏசுவது. நான் சொல்ல நினைத்ததற்குப் பெயர் கதைப்பது. அம்மா என்னை இவ்வளவு நேரம் ஏசினாரே என்று அந்த நல்ல மனிதர் வீட்டில் போய் மனைவியிடமும் சொல்லியிருக்கிறார்.

சின்னம்மாவுக்கு என் கடற்கரைச் சுற்றுலா விளங்கவில்லை. “உதிலை பாக்க என்ன இருக்கு? சேறும் கொக்கும்” என்பார். அவர் அந்தப் பக்கமே போவதில்லை. கண்டி வீதியில் பஸ்ஸில் போனாலும் அந்தக் கடலைக் கடக்கும் நாவற்குழிப் பாலம் வரும்போது மடியிலுள்ள பையைக் கிளறிக்கொண்டிருப்பார். நான் அதைக் கவனித்தேன், கேட்கவில்லை.

வெள்ளையடித்த அறை

புரட்டாதி மாதம் அம்மாவின் காகிதங்கள் சரிவந்துவிட்டதாக அண்ணன் அறிவித்தான். மழைக்கு முன்னமே வந்துவிடலாம்.

சின்னம்மா அறையை வெள்ளையடிப்பித்தார். அம்மாவுக்கு முழங்கால் வலி என்பதால் குளியலறைச் சுவரில் பிடித்து எழும்ப ஒரு கம்பி பொருத்தினோம். சின்னம்மா பட்டணத்துக்குப் போய் ஒரு படுக்கை விரிப்பு வாங்கி வந்தார். நீலத்தில் வெள்ளைப் பூ. சிறுவயதில் அக்காவுக்கு நீலம் பிடிக்கும் என்றார். இப்போது பிடிக்குமோ தெரியாது என்று பிறகு சொன்னார். அந்த இரண்டு பேரும் பிரியும்போது இருவருக்கும் இருபதை ஒட்டிய வயது. இப்போது இருவருக்கும் தலை நரைத்துவிட்டது.

ஒரு சாயங்காலம் அம்மா அழைத்தார். வழக்கம்போல நான் அன்று பார்த்ததைச் சொல்லத் தொடங்கினேன். அவர் இடைமறித்து, சின்னம்மாவையும் கூப்பிடச் சொன்னார். சின்னம்மா கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். தொலைபேசியை இருவருக்கும் கேட்கும்படி வைத்தேன்.

“தங்கச்சி, நான் வரேல்லை” என்றார் அம்மா.

டிக்கெட்டில் ஏதும் பிரச்சினையா என்று நான் கேட்டேன். இல்லை என்றார். காலா? கால் இல்லை என்றார். அண்ணனின் பிள்ளைகள் தன்னோடு தூங்குகிற பிள்ளைகள், அவர்களை விட்டு வர மனமில்லை என்றார். அப்பாவை எரித்த இடம் அங்கே என்றார். எல்லாம் உண்மைதான். ஆனால் அவை எல்லாம் போன வருஷமும் உண்மையாகத்தான் இருந்தன. அதை நான் கேட்டேன். கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். உங்களுக்காகத்தானே நான் வந்தேன் என்றேன்.

அம்மா மெதுவாகச் சொன்னார்.

“நீ ஒவ்வொரு நாளும் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தனான், பிள்ளை. நல்ல வடிவாச் சொன்னனீ. ஆனா நீ சொல்லுற ஊர் எனக்குத் தெரியாத ஊர். நான் விட்டிட்டு வந்தது அங்கை இல்லை. அது இல்லையெண்டு நீ முதல் மாசமே சொல்லிப்போட்டாய். நான்தான் கேக்காத மாதிரி இருந்திட்டன். நீ சொல்லுறது உன்ரை ஊர். நான் வந்து அதிலை என்ன செய்யிறது?”

சின்னம்மா அப்போதுதான் வாயைத் திறந்தார். “நான் இருக்கிறன்தானே அக்கா இஞ்சை.”

அந்தப் பக்கத்தில் அம்மா அழுவது கேட்டது. சின்னம்மா எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டார். எதையோ அரியும் சத்தம் கேட்டது. நான் தொலைபேசியை வைத்துவிட்டு உள்ளே போய்ப் பார்த்தேன். அவர் ஏற்கெனவே அரிந்துவைத்த வெங்காயத்தையே மறுபடியும் அரிந்துகொண்டிருந்தார்.

மழை

அம்மாவை இங்கே இழுப்பதற்கென்று நான் சொன்ன சொற்களே அம்மாவை அங்கே நிறுத்திவிட்டன. அதை நினைத்து நினைத்து எனக்குத் தலை வெடித்தது. அம்மா மேல் கோபம். கிளி மேல் கோபம். நீர்க்காகம் மேல்கூடக் கோபம்.

திரும்பிப் போகும் வழிகளை விசாரித்தேன். அண்ணன் பொறுமையாக விளக்கினான். விசாவில் வரலாம், சில வாரம் இருக்கலாம், போக வேண்டும். பிறந்த வீட்டுக்கு விருந்தாளி. இங்கேயோ, வரப்போகும் ஒருவருக்காக முன்கூட்டியே வந்து நின்ற ஆள் நான். அவர் வரப்போவதில்லை என்றான பிறகு நான் இங்கே யார் என்று எனக்குத் தெரியவில்லை.

மழை தொடங்கியது. இந்த ஊர் மழை சாய்ந்து வரும், குடை உதவாது. நான் தலையைக் குனிந்துகொண்டு பாமசிக்குப் போய், தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்கு வந்தேன். கடற்கரைப் பக்கம் போகவில்லை. அம்மா அழைப்பது நிற்கவில்லை. சாப்பிட்டாயா, உடம்பு எப்படி என்பதோடு கதை முடிந்துவிடும். அவர் ஒன்றும் கேட்கவில்லை, நானும் ஒன்றும் சொல்லவில்லை. சின்னம்மாவிடம் தொலைபேசியை நீட்டினால் கை ஈரம் என்பார். அம்மாவுக்கென்று வெள்ளையடித்த அறையின் கதவு சாத்தியே கிடந்தது.

மழை ஓய்ந்து தை மாதம் பிறந்த ஒரு சாயங்காலம். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சின்னம்மா புட்டை எடுத்து என் தட்டில் வைத்துவிட்டு, என்னைப் பாராமலே கேட்டார்.

“இண்டைக்கு என்ன கண்டனீ?”

எனக்கு முதலில் விளங்கவில்லை. எங்கே என்று கேட்டேன்.

“வாற வழியிலைதான். முந்தி ஒவ்வொரு நாளும் கொம்மாவுக்குச் சொல்லுவாய். நானும் இஞ்சை நிண்டு கேட்டுக்கொண்டிருப்பன். கொஞ்ச நாளா வீடு ஊமை மாதிரிக் கிடக்கு.”

சேறும் கொக்கும் என்று சிரித்தவர், அத்தனை மாதமும் தாளிக்கும் சத்தத்தைக் குறைத்துக் குறைத்து அதைக் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். நான் அன்று எதையும் பார்க்கவில்லை. ஆனால் இல்லை என்று சொல்ல வாய் வரவில்லை. நாளைக்குப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன்.

பார்த்தேன். கடல் திரும்பி வந்திருந்தது. வெடித்துக் கிடந்த தரை எங்கே என்று தெரியவில்லை. சாலை வரைக்கும் தண்ணீர். வயல்களில் பயிர் கதிர் தள்ளியிருந்தது. வெகு தூரத்தில், நீரின் மேல் ஓர் இளஞ்சிவப்புக் கோடு போல எதுவோ கிடந்தது. அந்தக் கோடு திடீரென்று எழும்பியது. பூநாரைகள். எழும்பும்போது இறக்கையின் உட்பக்கம் இன்னும் சிவப்பு. சைக்கிளைப் பிடித்துக்கொண்டு வாயைத் திறந்தபடி நின்றேன். அன்று அதை யாருக்குச் சொல்வது என்ற நினைவே எனக்கு வரவில்லை. வெளிச்சம் குறைந்த பிறகுதான் சின்னம்மா காத்திருப்பார் என்று ஞாபகம் வந்தது.

வீட்டுக்கு வந்து சொன்னேன். சின்னம்மா குறுக்குக் கேள்விகள் கேட்டார். எந்தப் பக்கம், பாலத்துக்கு இங்காலையா அங்காலையா என்றார். பாலத்துக்கு அங்காலை என்றேன். அவர் கை நின்றது.

பிறகு அவர் சொன்னார், நான் கேட்காமலே. போர் நெருங்கியதால் ஊரெல்லாம் ஒன்றாக இடம்பெயர்ந்து போன அந்த மழைநாளில், தன் தாயைச் சைக்கிளின் பின்னால் இருத்தித் தள்ளிக்கொண்டு அந்தப் பாலத்தைக் கடந்ததை. முன்னாலும் பின்னாலும் சனம். நடக்க முடியவில்லை, நிற்கவும் முடியவில்லை. நடுப்பாலத்தில் தாய் தண்ணீர் கேட்டாராம். சுற்றிவரக் கடல், மேலே மழை; குடிக்க ஒரு வாய் தண்ணீர் கொடுக்க முடியவில்லை. அவருடைய தாய் சில நாளில் போய்விட்டார். “எனக்கு அந்தக் கடல் அதுதான், பிள்ளை. உனக்கு அது வேறை. நீ சொல்லேக்கை வேறை மாதிரிக் கிடந்துது. அதாலைதான் கேட்டுக்கொண்டிருந்தனான்.”

நான் அவர் கையைப் பிடித்தேன்.

கொஞ்ச நேரம் கழித்து, “நாளைக்கு ஞாயிறு. நானும் வாறன்” என்றார்.

கரையில்

காலையிலேயே போனோம். சின்னம்மா நல்ல சேலை கட்டியிருந்தார், கோயிலுக்குப் போகிறவர் மாதிரி. சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தோம். கரைக்கு வந்ததும் அவர் முதலில் தரையைத்தான் பார்த்தார். செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார். பிறகுதான் நிமிர்ந்தார்.

பூநாரைகள் அன்று இல்லை. எனக்கு ஏமாற்றம். இவரை இவ்வளவு தூரம் அழைத்துவந்து காட்ட ஒன்றும் இல்லையே என்று தவித்தேன். கம்புகள் இருந்தன, நீர்க்காகங்கள் இருந்தன, தூரத்தில் இறாலுக்குப் போனவர்கள் இரண்டு பேர் நின்றார்கள். அவ்வளவுதான். வழக்கமான ஒரு காலை.

சின்னம்மா பாலத்தின் பக்கம் திரும்பி நெடுநேரம் பார்த்தார். ஒரு லொறி போனது. பின்னால் பள்ளிக்கூடப் பெண்பிள்ளைகள் சிலர் சைக்கிளில் வரிசையாகப் போனார்கள். ஞாயிறு வகுப்புக்காக இருக்கும். அவர்களில் ஒருத்தி ஏதோ சொல்ல மற்றவர்கள் சிரித்தது தண்ணீரின் மேல் மிதந்து எங்கள் வரைக்கும் வந்தது. சின்னம்மா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

பிறகு கையை நீட்டி என் தொலைபேசியைக் கேட்டார். அம்மாவின் எண்ணை எடுத்துக் கொடுத்தேன். அந்தப் பக்கம் அம்மா ஹலோ என்றது எனக்கும் கேட்டது.

“அக்கா, நான் கடற்கரையிலை நிக்கிறன்” என்றார் சின்னம்மா.

அம்மா என்ன சொன்னார் என்று தெரியவில்லை. இரண்டு சகோதரிகள் மாதக் கணக்கில் கதைக்காமல் இருந்துவிட்டுக் கதைக்கும்போது பக்கத்தில் நிற்பது சரியில்லை என்று நான் கரையோரமாக நடந்தேன். சேற்றில் நண்டுகள் என் நிழல் பட்டதும் குழிக்குள் இறங்கின. சின்னம்மாவின் குரல் காற்றில் துண்டு துண்டாக வந்தது. கம்பைப் பற்றி ஏதோ சொன்னார். சிரிக்கவும் செய்தார். பாலம் என்ற சொல் வந்தது. பிறகு நெடுநேரம் அவர் பேசவில்லை, கேட்டுக்கொண்டு நின்றார்.

நான் திரும்பி நடந்து கிட்ட வந்தபோது அம்மா என்னைப் பற்றி ஏதோ கேட்டிருக்க வேண்டும். சின்னம்மா என்னைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே பதில் சொன்னார்.

“ஓம் அக்கா, என்னோடைதான் நிக்கிறாள். அவள் எங்கை போறது? இது அவளின்ரை இடமெல்லோ.”

நான் குனிந்து அவருடைய செருப்பை எடுத்து, ஒட்டியிருந்த சேற்றைத் தட்டி, அவர் காலடியில் வைத்தேன். அவர் சொன்னதை மறுத்து நான் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை.